அடைக்கோழிச் சூடு

மார்கழிப் பனியில், விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கையில், எங்கள் ஊரில் ஒரு கோழிக்கொட்டகை எரிந்துபோனது. தென்னங்கீற்று வேய்ந்த சின்னக் கொட்டகை. உள்ளே பொரித்துப் பத்து நாள்கூட ஆகாத நாட்டுக்கோழிக் குஞ்சுகள் நூற்றுச் சொச்சம். பனி தாங்காதே என்று 200 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கயிற்றில் தாழக் கட்டி, சுற்றிலும் சாக்குப் படுதா இறக்கிவிட்டிருந்தார்கள். காலையில் நான் போனபோது சாம்பலுக்குள் வயரின் செப்புக் கம்பியும் பல்பின் உலோக மூடியும்தான் மிச்சம். வளர்த்த அக்கா வாசலில் உட்கார்ந்து, "குளிருமேன்னுதான கட்டுனேன், குளிருமேன்னுதான கட்டுனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் செய்தது அக்கறையில் செய்த காரியம். அந்த அக்கறைக்குத் துணையாக ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், எத்தனை நாளைக்கு வேண்டும்? இவை தெரிந்துவிட்டால் கொட்டகையைக் கொளுத்தும் அளவுக்குச் சூடு எந்தக் குஞ்சுக்கும் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பொரித்த அன்று ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். தாய் ஒன்றரைக் கிலோ என்றால், அதன் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. உடம்பு சிறுத்துக்கொண்டே போகும்போது எடை குறைகிற வேகத்தில் தோலின் பரப்பு குறைவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், எடைக்கு எடை தாயைவிடக் குஞ்சுக்குச் சுமார் மூன்றரை மடங்கு அதிகத் தோல். அத்தனை தோல் வழியாகவும் சூடு வெளியே போகிறது. அண்டாவில் இருக்கும் வெந்நீர் மெதுவாக ஆற, அதையே டம்ளரில் மொண்டு வைத்தால் சட்டென்று ஆறிவிடுவதும் இதனால்தான். போதாக்குறைக்கு, குஞ்சின் மேலே இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. தண்ணீர்த் தட்டில் விழுந்து நனைந்துவிட்டால் அந்தப் பஞ்சும் உதவாது. வெளியே எப்படி இருந்தாலும் உடம்புச் சூட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் திறமை, முதல் 10, 14 நாள்களில்தான் மெல்ல மெல்லத் தேறி வரும். இறகு முழுதாக மூட நான்கிலிருந்து ஆறு வாரம்.

பசி விஷயத்தில் குஞ்சு அவ்வளவு பலவீனம் இல்லை. பொரிப்பதற்குச் சற்று முன்பு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது; இரண்டு மூன்று நாளைக்கு அதுவே கட்டுச்சோறு. அதனால்தான் ஒரு நாள் குஞ்சுகளைத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் அடைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட முடிகிறது. பசியைத் தாங்கும் உயிர், குளிரைத் தாங்காது.

இதையெல்லாம் கோழி எப்படிச் சமாளிக்கிறது? அடைக்குப் படுக்கும் கோழிக்கு அடிவயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, தோல் நேராக முட்டையில் படும்படி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் கூடுதல். கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இருபத்தொரு நாள் முட்டைக்குக் கொடுத்த அதே சூட்டைப் பொரித்த பிறகு குஞ்சுக்கும் கொடுக்கிறது. மேலே இறக்கையும் இறகும் கனத்த போர்வையாக மூடிக்கொள்கின்றன. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சூடு எங்கே இருக்கிறது என்பதை. கோழி கொட்டகையைச் சூடாக்குவதில்லை, காற்றைச் சூடாக்குவதில்லை. தன் வயிற்றுக்கு அடியில் ஒரு முறத்தளவு இடத்தை மட்டும் சூடாக வைத்திருக்கிறது. குஞ்சுகள் போகும், வரும். குளிர்ந்தால் உள்ளே, சூடேறினால் வெளியே.

சின்ன வயதில் அம்மாயி வீட்டில் கோழியை மூடி வைக்கும் கொடாப்புக் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது பதினொரு குஞ்சும் ஒரே கோழிக்கு அடியில் கிடந்தன. கொடாப்பைத் தெற்கே பஞ்சாரம் என்பார்கள். "அம்மாயி, உள்ள மூச்சு முட்டாதா?" என்று கேட்டேன். "முட்டுனா அது வெளிய வரும் கண்ணு. கோழி அதக் கட்டியா போட்டுருக்குது?" என்றார். குஞ்சு வளர்ப்பைப் பற்றி அதன் பிறகு நான் படித்த எல்லாமே அந்த ஒரு பதிலுக்கு விளக்கவுரைதான். சூடான இடம் ஒன்று இருக்க வேண்டும். அதைவிட்டு விலகிப் போகக் குளிர்ந்த இடமும் இருக்க வேண்டும்.

அப்படியானால் கோழியிடமே விட்டுவிடலாமே? பத்துப் பதினைந்து குஞ்சு என்றால் விடலாம், விடுவதுதான் நல்லது. ஆனால் அடைக்குப் படுத்த நாளிலிருந்து குஞ்சைப் பிரித்துவிடும் நாள்வரை, மாதக் கணக்கில் அந்தக் கோழி முட்டை வைக்காது. நூறு குஞ்சு வளர்த்து விற்றுப் பிழைக்க நினைக்கும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இன்குபேட்டரில் பொரித்து வாங்கும் குஞ்சுகளுக்கோ தாயே கிடையாது. ஆகவே தாய்க்குப் பதில் ஒரு சூடு வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் புரூடர்.

பெரும்பாலான இடங்களில் புரூடர் என்றால் ஒரு பல்பு. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் வெளிச்சமாக்குகிறது; மற்றதெல்லாம் சூடு. விளக்காக அது ஊதாரி, கணப்பாக நல்ல உழைப்பாளி. எல்.இ.டி. வந்து குண்டு பல்பு கடைகளில் அருகிப்போனதில், குஞ்சு வளர்ப்பவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். எல்.இ.டி. பல்பைக் கட்டிவிட்டு வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பிக் குஞ்சுகளை விறைக்கவிட்டவர்களும் உண்டு.

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது நம் பக்கம் புழங்கும் கணக்கு. நூறு குஞ்சுக்கு 200 வாட். அந்த அக்கா போட்ட கணக்கு தப்பில்லை. அத்தனையையும் ஒரே பல்பில், ஒரே கயிற்றில், சாக்குக்கு நடுவே வைத்ததுதான் வினையாகிவிட்டது.

பல்பிலிருந்து தீ எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காற்றில் தொங்கும் பல்பு, தன் சூட்டையெல்லாம் உடனுக்குடன் வெளியே விட்டுவிடுகிறது. அப்படியும் சூடேற்றவென்றே விற்கும் 250 வாட் அகச்சிவப்பு பல்பின் கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டிவிடும். காய்ந்த வைக்கோலும் மரத்தூளும் ஏறக்குறைய 250 டிகிரியில் பற்றிக்கொள்ளக்கூடியவை. இடைவெளி அவ்வளவுதான். கயிறு இற்றுப்போயோ, கிளிப் நழுவியோ, கோழி பறந்து மோதியோ பல்பு கூளத்தில் விழுந்தால், கூளம் அதை மூடிக்கொள்கிறது. உமியும் மரத்தூளும் சூட்டைக் கடத்தாதவை. அதற்காகத்தானே தரையில் விரிக்கிறோம். இப்போது பல்பின் சூட்டுக்கு வெளியேறும் வழி அடைபட்டுப்போய், நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. சிறிய பல்பாக இருந்தாலும் மூடிவிட்டால் ஆபத்துதான்.

உமிக்கு இன்னொரு குணம் உண்டு. அது சட்டென்று பற்றி எரியாது, கனியும். பொற்கொல்லர் உமி ஓட்டில் நெருப்பை மணிக்கணக்கில் காத்து வைத்திருந்தது அந்தக் குணத்தை நம்பித்தான். கொட்டகையிலோ அதுவே எமன். மேலே பார்த்தால் சும்மா கிடக்கும். அடியில் நீறு பூத்த நெருப்பாக ஊர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் தொங்கும் சாக்கையோ, முதல் நாள் தீவனம் போட விரித்து எடுக்க மறந்த செய்தித்தாளையோ, கீற்றையோ எட்டும்போதுதான் சுவாலை. எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரம். விழுந்தால் மட்டும்தான் தீ என்றும் இல்லை. தண்ணீர் தெறித்து, சூடான கண்ணாடி வெடித்துச் சில்லுகள் கூளத்தில் விழலாம். 200 வாட் சூட்டுக்கு பிளாஸ்டிக் ஹோல்டர் இளகித் தொங்கலாம். எலி கடித்த வயர், ஆடிப்போன பிளக், ஒன்றில் ஒன்றைச் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாம் இந்தக் கதையில் வரும். அமெரிக்காவில் தொழுவங்களில் நடக்கும் தீ விபத்துகளுக்குச் சூடேற்றும் சாதனங்கள்தாம் முதன்மைக் காரணம் என்கிறார்கள். கீற்றும் சாக்கும் நிறைந்த நம் கொட்டகைகளுக்கு அதைவிடப் பத்திரம் வேண்டும்.

ஆக, பல்பை எவ்வளவு பத்திரமாகக் கட்டுவது என்று கேட்பதற்கு முன்னால், இவ்வளவு சூடான ஒரு பொருள் எதற்கு என்று கேட்பது நல்லது. கோழியின் உடம்பில் எந்த இடமும் 42 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் ஒரு உமிகூடக் கருகாது. அதே வேலையைச் செய்ய நாம் ஏன் 200 டிகிரிக்குப் போகிறோம்? சூட்டை ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழில் குவித்துவிட்டு, அது காற்றில் கலைந்து வீணாகும் என்பதற்காக மேலும் மேலும் ஏற்றுகிறோம். கோழி செய்வது நேர் எதிர். அகலமான பரப்பில் இளஞ்சூடு; அது வெளியேறாமல் மேலே போர்வை; குஞ்சின் முதுகு அதில் ஒட்ட வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு கருவி செய்தவர் ஒருவர் இருந்தார். வெப்பமானிக்குத் தன் பெயரில் ஓர் அளவையே தந்த பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர்தான் அவர். உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையில் 80 பாகை வைத்த அளவை அது. முட்டைகளைக் குதிரைச் சாணக் குவியலின் வெக்கையில் பொரிக்கவைத்துப் பார்த்த அவர், தாயில்லாத அந்தக் குஞ்சுகளுக்குச் செயற்கைத் தாய் ஒன்றும் செய்தார். 1749இல் வெளியான அவருடைய நூலில் அதன் விவரம் இருக்கிறது. பெட்டி ஒன்று; உள்ளே ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல் வேய்ந்த கூரை. கூரை ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் சாய்வாக இருக்கும். சின்னக் குஞ்சு தாழ்ந்த பக்கம் போய் முதுகை ஒட்டிக்கொள்ளும். வளர்ந்தது உயர்ந்த பக்கம் நிற்கும். மின்சாரமே இல்லாத காலத்தில், குஞ்சு எங்கே நிற்பது என்பதைக் குஞ்சிடமே விட்டுவிட்ட அந்தச் சாய்வுக் கூரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாயியின் பதில் நினைவுக்கு வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரபலமாக இருந்த தீயில்லாப் புரூடர்கள் இன்னும் ஒருபடி மேலே போனவை. அவற்றில் சூடே கிடையாது. பெட்டிக்குள் மெத்தைத் துணி ஒன்று தொய்வாகக் குஞ்சுகளின் முதுகைத் தொடும்படி தொங்கும். குஞ்சுகளின் உடம்புச் சூடே வெளியேறாமல் அவற்றுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இன்று விற்கும் வெப்பத் தட்டுகள் ரேயோமூரின் பெட்டிக்குப் பேரப்பிள்ளைகள். நான்கு கால்களில் நிற்கும் ஒரு தட்டு. அடிப்பக்கம் இளஞ்சூடு. காலின் உயரத்தை ஏற்றி இறக்கலாம். முன்னங்காலைச் சற்று உயர்த்திச் சாய்வாகவும் வைக்கலாம். குஞ்சுகள் அடியில் புகுந்து முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கும். இருபது குஞ்சுக்கான சின்னத் தட்டு 15, 20 வாட்தான் எடுக்கும். கூளத்தில் கவிழ்ந்தாலும் பல்பைப் போல எரியும் சூட்டுக்கு ஏறாத வகையில் செய்யப்பட்டவை. இருட்டாக இருப்பதால் குஞ்சுகளுக்கு ராத்திரி ராத்திரியாகவே இருக்கும். விடிய விடிய வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். ஒரே குறை விலை. கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப் பகுதியில் வெட்டவெளிக் கொட்டகையில் இது மட்டும் போதாமல் போகலாம். சமவெளியில் தாராளமாகப் போதும்.

தட்டு வாங்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது மண்பானை. ஓர் அடி அகலப் பானையைக் கவிழ்த்து, அடியில் துளையிட்டு, பீங்கான் ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பை உள்ளே இறக்கி, செங்கல் மேல் அசையாமல் உட்கார வைக்க வேண்டும். செங்கல் இடுக்கில் குஞ்சு நுழையாதபடி அடைத்துவிட வேண்டும். பானைக்குள் தரை வெறும் தரையாகவே இருக்கட்டும், ஒரு பிடி உமிகூடக் கூடாது. பல்பு கழன்று விழுந்தாலும் எரிய எதுவும் இருக்காது. உள்ளே இருக்கும் 40 வாட் சூடும் பானையின் மேற்பரப்பு முழுவதும் பரவித்தான் வெளியேற வேண்டும். பரப்பு ஏறக்குறைய கால் சதுர மீட்டர். அப்படிப் பரவும்போது பானை சுற்றுக் காற்றைவிடச் சுமார் 15 டிகிரி கூடுதலாகச் சுடும். இரவில் அறை 25 டிகிரி என்றால் பானை சராசரியாக 40. அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். உச்சிப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கையை வைத்துப் பாருங்கள், வைத்தபடியே இருக்க முடிந்தால் சரி. நூறு குஞ்சு என்றால் நான்கைந்து பானை. ஒன்றில் பல்பு போனாலும் மற்றவை இருக்கும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நிம்மதி.

பல்பைத் தொங்கவிட்டுத்தான் ஆக வேண்டும் என்பவர்கள், கயிற்றை மட்டும் நம்பக் கூடாது. சங்கிலியில் கட்டி, அது அறுந்தால் தாங்க வேறொரு கம்பியில் இன்னொரு கட்டும் போட வேண்டும். பல்பை வயரிலேயே தொங்கவிடக் கூடாது. பீங்கான் ஹோல்டர், பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, கூளத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாத உயரம். 250 வாட் ஒன்றுக்குப் பதில் 60 வாட் நான்கு. சாக்கும் தார்ப்பாயும் பல்பை எட்டாத தூரத்தில். சுவிட்ச் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும். தீ என்றால் உள்ளே ஓடாமல் மின்சாரத்தை நிறுத்த முடிய வேண்டும், நிறுத்திய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். உடையாத பல்பு என்று விற்கும் சிலவற்றில் ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான் பூச்சு இருக்கும். அது சூடேறி வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போகும் ராத்திரிகளில்தான் மனம் பதறித் தப்பு நடக்கிறது. கரிக் குமுட்டியைக் கொண்டுபோய் நடுவில் வைத்துப் படுதாவை இழுத்து மூடிவிடுகிறார்கள். பொறி தெறிக்கும் என்பது ஒருபுறம். கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணைக் கரிக்காது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கூண்டில் கேனரிப் பறவையைக் கொண்டுபோனதே, மனிதருக்கு முன்னால் அது சுருண்டு விழும் என்பதால்தான். குஞ்சும் அப்படித்தான். எட்டிப் பார்க்க உள்ளே போகும் நமக்கும் அதே கதி வரலாம். குமுட்டிக்குப் பதில், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூளத்தில் பதித்துவிட்டால் சில மணி நேரம் ஓடிவிடும். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துக் கம்பளி போடுங்கள். பக்கவாட்டில் மூச்சுக்கு வழி இருக்கட்டும். குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எந்தச் சூடானாலும் சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகடோ அட்டையோ வைத்து வட்டமாகத் தடுப்பு போட வேண்டும். வட்டம் என்பது முக்கியம். மூலை இருந்தால், குளிரிலோ பயத்திலோ எல்லாம் அந்த மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பவை நசுங்கிச் சாகும். தீவனமும் தண்ணீரும் சூட்டுக்கு நேர் கீழே வேண்டாம், சற்றுத் தள்ளியிருக்கட்டும். முதல் வாரம் சூட்டின் ஓரத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. கூளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பகல் வெயிலே 35ஐத் தாண்டிவிடும்போது பல்பைப் போட்டு வைத்திருப்பது குஞ்சை வேகவைப்பதுதான். சூடு மிஞ்சினால் உடம்பில் நீர் வற்றி, எச்சம் ஆசனவாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

வெப்பமானியைவிட நம்பகமானது குஞ்சுகள் கிடக்கும் கிடை. சூட்டுக்கு அடியில் குவியலாகக் கிடந்து ஓயாமல் உரக்கக் கீச்சிட்டால் குளிர்கிறது. வட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, இறக்கையைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது; படுதாவில் கிழிசல் இருக்கும், தேடுங்கள். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில கால் நீட்டிப் படுத்திருக்க, மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். போவதற்கு முன் ஒருமுறை, விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். ராத்திரியில் குளிர் மிகும் நேரம் அது. விளக்கைப் போடாமல் கொட்டகைக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாலே போதும்.

மூன்றாவது வாரத்தில் பகலில் பானை விளக்கை அணைத்துவிடுகிறேன். நான்காவது வாரம் ஒரு ராத்திரி எட்டிப் பார்க்கும்போது, பானையைச் சுற்றி ஒன்றுகூட இருக்காது. இறகு முளைத்த நான்கைந்து குஞ்சுகள் பானையின் மேலேறி வரிசையாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை பல்பைக் கழற்றி, பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவேன்.